தண்ணீர் குடிக்கும் படகு

"ஒரு சொட்டுத் தண்ணீர்கூட உள்ளே வராத படகை எப்படிச் செய்வது, ஓடாவி?" என்று சபாபதி கேட்டார்.

ஜெய்லானி சீவிக்கொண்டிருந்த பலகையிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"தண்ணியில விடாம வச்சிருந்தாப் போதும்ணே."

பக்கத்தில் ஆணி பொறுக்கிக்கொண்டிருந்த பட்டறைப் பையன் நெய்னா சிரித்துவிட்டான். சபாபதி சிரிக்கவில்லை. அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

கேட்டவருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. பதில் சொன்னவருக்கு முப்பத்துச் சொச்சம்தான். ஆனாலும் கேட்டவர்தான் சீடர். காயல் பக்கத்தில் படகு கட்டுகிறவரை ஓடாவி என்பார்கள். வயதில் மூத்த சீடர் இளைய குருவை ஓடாவி என்று கூப்பிடுவார். குரு சீடரை அண்ணே என்பார். இரண்டு பேரும் வாங்க, போங்க என்றுதான் பேசிக்கொள்வார்கள். நெய்னா மட்டும் சபாபதியைப் பாத்திரக்காரரே என்பான்.

அப்படிக் கூப்பிட்டதில் தப்பும் இல்லை. சபாபதி கும்பகோணத்துப் பக்கம் பித்தளைப் பாத்திரம் அடிக்கிற பட்டறை வைத்திருந்தவர். அண்டாவோ குடமோ எது செய்தாலும், முடித்த கையோடு தண்ணீர் நிரப்பி ஒரு காய்ந்த பலகைமேல் வைப்பார். மறுநாள் காலையில் பாத்திரத்தைத் தூக்கிவிட்டுப் பலகையைத் தடவிப் பார்ப்பார். காய்ந்திருந்தால் பாத்திரம் கடைக்குப் போகும். ஈரம் தட்டுப்பட்டால் பேச்சே கிடையாது. சம்மட்டியால் அங்கேயே அடித்துத் தகடாக்கி உலைக்குள் போட்டுவிடுவார். ஒழுகின பாத்திரம் ஒன்றை அவருடைய பட்டறையில் வேறு யாரும் கண்ணால் பார்த்ததில்லை.

அப்படிப்பட்டவரைக் காயலுக்குக் கொண்டுவந்தது அவருடைய மகள் செண்பகம்.

செண்பகம் காயல்கரையைச் சேர்ந்த ராயப்பனைக் கல்யாணம் செய்துகொண்டாள். அலையாத்திக் காட்டைப் பார்க்க வருகிறவர்களைப் படகில் ஏற்றிச் சுற்றிக் காட்டுவது ராயப்பனின் தொழில். சாதி வேறு, சாமியும் வேறு. கல்யாணம் முடிந்து இரண்டு பேரும் நேராகச் சபாபதியின் பட்டறை வாசலில் வந்து நின்றார்கள். அவர் ஒரு குடம் அடித்துக்கொண்டிருந்தார். ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். மறுபடி குனிந்து அடிக்க ஆரம்பித்தார். அவர்கள் நின்ற நேரமெல்லாம் அடித்துக்கொண்டே இருந்தார். அவர்கள் திரும்பிப் போன பிறகு பார்த்தால் கையில் குடம் இல்லை. தகடுதான் இருந்தது.

அதோடு அப்பாவுக்கும் மகளுக்கும் பேச்சு நின்றுபோயிற்று.

சில வருஷங்கள் அப்படியே போயின. ராயப்பனின் படகு இற்றுப்போய்விட்டதென்றும், செண்பகமும் தினம் அதில்தான் கூடப் போய் வருகிறாள் என்றும் சந்தையில் யாரோ சொன்னார்கள். சபாபதி அன்று சாப்பிடவில்லை. பட்டறையைத் தம்பியிடம் விட்டுவிட்டு பஸ் ஏறினார்.

ஜெய்லானியின் பட்டறைக்கு வந்து, "எனக்குப் படகு கட்டக் கத்துக் குடுங்க" என்று நின்றார்.

"எதுக்குண்ணே சிரமம்? என்ன மாதிரி வேணும்னு சொல்லுங்க, நான் கட்டித் தர்றேன்."

"அப்படி வாங்கிக் குடுக்க முடியாது. நானே செய்யணும்."

"யாருக்கு?"

"பொண்ணுக்கு."

ஜெய்லானி அவருடைய கையைத் திருப்பிப் பார்த்தார். சம்மட்டி பிடித்துக் காய்த்துப்போன கை.

"இது அடிச்சுப் பழகின கை" என்றார். "பரவாயில்ல. நாளைக்கு வாங்க."

முதலில் பழைய படகுகளைப் பழுது பார்க்க வைத்தார். அப்புறம் பலகை சீவ வைத்தார். வெந்நீர் ஆவியில் பலகையை வேகவைத்து வளைக்கிற வேலைக்குச் சபாபதி வந்தபோது நெய்னா பக்கத்திலேயே நின்றான்.

"பாத்திரக்காரரே, பழக்க தோஷத்துல பழுக்கக் காய்ச்சிடாதீங்க. இது பலகை."

"நீ உன் வேலையைப் பாருப்பா."

"என் வேலையே உங்களைப் பாத்துக்கறதுதான்னு ஓடாவி சொல்லியிருக்காரு."

இப்படியே நாள் போய், சபாபதி தன் படகைத் தொடங்கினார்.

அது காயலில் எல்லோரும் வைத்திருக்கிற அகலமான படகு இல்லை. ஓட்டத்துக்கென்றே கட்டுகிற சின்னப் படகு. முன்பக்கம் கூர்ந்து, பின்பக்கம் தட்டையாக முடியும். நடுவில் எஞ்சின். காரில் உட்கார்கிற மாதிரி உட்கார்ந்து ஸ்டீயரிங் பிடிக்கலாம். பணக்கார வீடுகளுக்காக இரண்டொரு படகு அந்த மாதிரி அந்தப் பட்டறையில் முன்பே கட்டியிருந்தார்கள். அதில் ஒன்று வார்னிஷ் பளபளக்கக் காயலைக் கிழித்துக்கொண்டு போனதைச் சபாபதி பார்த்தார். மகளுக்கு அதுதான் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டார்.

உள்ளே விலா எலும்பு மாதிரி வளைந்து நிற்கிற மரங்களை வங்கு என்பார்கள். வங்குக்கு வாகை மரம் எடுத்தார். அதன்மேல் அறைகிற பலகைக்குத் தேக்கு. செம்பு ஆணிகளைக் கடையில் வாங்காமல் தானே அடித்துக்கொண்டார். அந்த ஒரு வேலையில் மட்டும் நெய்னா வாயைத் திறக்கவில்லை.

பலகை அறைகிறபோதுதான் முதல் சண்டை வந்தது.

பலகைக்கும் பலகைக்கும் நடுவே மெல்லிய இடுக்கு விடச் சொன்னார் ஜெய்லானி. அந்த இடுக்கில் பஞ்சுத் திரியை வைத்து, மொட்டை உளியால் உள்ளே தள்ள வேண்டும். கலப்பத்து என்று அதற்குப் பெயர்.

"ஒரு திரி போதும்ணே. தள்ளிவிடற மாதிரி தட்டுங்க. அடிக்காதீங்க."

"ஒரு திரியில தண்ணி நிக்குமா?"

"நிக்காது."

"அப்புறம்?"

"தண்ணியில விட்டுக் கட்டிப் போடுவோம். குடிக்கட்டும். குடிச்சு மரம் உப்பினா இடுக்கு தானா மூடிக்கும். அதுவரைக்கும் ஒழுகும்."

"ஒழுகுறப்ப நாம என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்யக் கூடாது. அதுதான் கஷ்டம்."

அந்தப் பட்டறையின் வழக்கமே அதுதான். புதுப் படகு தண்ணீர் குடிக்கிற நாள்களில் யாரும் உள்ளே வந்த தண்ணீரை இறைக்க மாட்டார்கள். இடுக்கில் எதையும் வைத்து அடைக்க மாட்டார்கள். படகு பாதி முழுகினபடி கட்டுத்தறியில் கிடக்கும். கரையில் போகிறவர்கள் பார்த்துக்கொண்டே போவார்கள்.

சபாபதிக்கு அதைக் கேட்கவே உடம்பு கூசியது.

கலப்பத்து முடிகிற சமயத்தில் ராயப்பன் வந்தான். சபாபதிக்கு நேராக நின்று பேச அவனுக்கு இன்னும் கூச்சம் போகவில்லை. ஜெய்லானியைப் பார்த்துக்கொண்டே சபாபதிக்குச் சொன்னான்.

"படகு தண்ணியில எறங்குற அன்னைக்குச் செண்பகம் வர்றேன்னு சொல்லச் சொன்னா மாமா. ஞாயித்துக்கிழமைன்னா தோதுப்படும்."

இத்தனை வருஷத்தில் மகளிடமிருந்து வந்த முதல் வார்த்தை அது. சபாபதி தலையை மட்டும் ஆட்டினார். ராயப்பன் போன பிறகு ஜெய்லானியிடம் வந்தார்.

"ஞாயித்துக்கிழமை அவ வர்றப்ப படகு காஞ்சு இருக்கணும் ஓடாவி."

"அன்னைக்குத்தானே தண்ணியே பாக்கப் போகுது. எப்படிண்ணே காஞ்சு இருக்கும்?"

"அவ முன்னாடி ஒழுகக் கூடாது."

"ஒழுகும்னு சொல்லியே கூப்பிடுங்க. படகுக்காரன் பொண்டாட்டிதானே."

"என் கையால அவளுக்குன்னு செஞ்ச முதல் சாமான் இது. ஒழுகுது பாருன்னு காட்டச் சொல்றீங்களா?"

"அப்ப ஒரு வாரம் கழிச்சு வரச் சொல்லுங்க."

"இப்ப வர்றேன்னிருக்கா. வேணாம், அப்புறம் வான்னு என் வாயால எப்படிச் சொல்றது? அதுக்கப்புறம் வருவாளோ, மாட்டாளோ."

ஜெய்லானி ஒரு திரியை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"உங்க படகு" என்றார். "திரி மட்டும் ஒண்ணுக்கு மேல வேணாம்."

வெள்ளிக்கிழமை பட்டறைக்கு விடுமுறை. ஜெய்லானியும் நெய்னாவும் பள்ளிவாசலுக்குப் போய்விட்டு அப்படியே வீட்டுக்குப் போய்விடுவார்கள். அந்த வெள்ளிக்கிழமை சபாபதி மட்டும் பட்டறைக்கு வந்தார். கைலியை மடித்துக் கட்டினார். ஒரு திரி போன இடுக்கில் இன்னொரு திரி வைத்தார். அதன்மேல் இன்னொன்று. உளியை வைத்துக் கொட்டாப்புளி என்கிற மரச் சுத்தியலால் அடித்தார். தள்ளவில்லை, அடித்தார். பாத்திரம் அடித்த கை, அதற்குக் களைப்பே தெரியவில்லை. பஞ்சு கல் மாதிரி இறுகிக்கொண்டு வந்தது. கடைசியில் குங்கிலியப் பிசினை உருக்கி இடுக்கெல்லாம் ஊற்றித் தேய்த்துவிட்டார். பொழுது சாய்கிறபோது நகம் நுழைகிற இடம்கூட அந்தப் படகில் பாக்கி இல்லை.

மறுநாள் ஜெய்லானி வந்து படகைச் சுற்றி ஒரு நடை நடந்தார். ஒரு இடத்தில் நின்று கட்டை விரலால் இடுக்கை அழுத்தினார்.

"எத்தனை திரிண்ணே?"

"ஒண்ணு."

இன்னும் கொஞ்ச தூரம் போய் இன்னொரு இடுக்கை அழுத்தினார்.

"ஒண்ணா?"

"ஒண்ணுதான் ஓடாவி."

ஜெய்லானி விரலைக் கைலியில் துடைத்துக்கொண்டார்.

"எஞ்சினை நாளைக்கு வைக்க வேணாம். ஒரு வாரம் போகட்டும்" என்றார். "அதுவரைக்கும் கட்டுத்தறியை விட்டு அவிழ்க்கவும் வேணாம்."

ஞாயிற்றுக்கிழமை செண்பகம் வந்தாள். வெயில் ஏறுவதற்கு முன்னால் படகைத் தண்ணீரில் இறக்கினார்கள். வார்னிஷில் காயலின் ஒளி ஓடியது. கரையில் நின்றவர்கள் வாய்விட்டுப் புகழ்ந்தார்கள். சபாபதி படகுக்குள் இறங்கினார். தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை எடுத்துப் படகின் அடியில் விரித்தார். நன்றாக அழுத்திவிட்டார். கொஞ்ச நேரம் காத்திருந்தார். துண்டை எடுத்து உதறி எல்லோருக்கும் காட்டினார். துண்டு காய்ந்திருந்தது.

ராயப்பன் குனிந்து பலகையில் காதை வைத்தான். அப்புறம் நிமிர்ந்து ஜெய்லானியைப் பார்த்தான். ஜெய்லானி காயலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செண்பகம் உள்ளே கையை விட்டுப் பலகையைத் தொட்டாள்.

"ஒரு சொட்டுகூட வரலியேப்பா" என்றாள்.

அப்பா என்ற அந்தச் சொல்லைக் கேட்டதும் சபாபதிக்கு மற்றது எதுவும் காதில் விழவில்லை.

"வராது" என்றார்.

அவள் அவருடைய முகத்தைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. சொல்லவில்லை.

"எஞ்சின் வச்சதும் சொல்லி அனுப்பறேன். வந்து எடுத்துட்டுப் போ" என்றார் சபாபதி.

"சரிப்பா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று முழுக்க அவர் படகுப் பக்கமே உட்கார்ந்திருந்தார். திங்கட்கிழமையும் படகு காய்ந்தே இருந்தது. செவ்வாய்க்கிழமை நெய்னாவைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"என்னப்பா, ஒழுகும் ஒழுகும்னு சொன்னீங்களே."

நெய்னா பலகையைத் தட்டிப் பார்த்தான். "இருங்க பாத்திரக்காரரே" என்று மட்டும் சொன்னான்.

புதன்கிழமை மூன்று பேரும் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார்கள். கட்டுத்தறிப் பக்கம் ஒரு சத்தம் கேட்டது. காய்ந்த தென்னை மட்டையைக் காலால் மிதித்து ஒடித்த மாதிரி. சபாபதி சோற்றில் வைத்த கையை எடுக்காமல் இருந்தார். இன்னொரு தடவை கேட்டது.

ஓடிப்போய்ப் பார்த்தார்கள். உப்பின பலகைகளுக்கு நகர இடமில்லை. ஒன்றையொன்று நெட்டி, உள்ளே இருந்த வங்கை உடைத்துவிட்டன. இரண்டு வங்கு நடுவில் பிளந்திருந்தது. ஒரு பலகை தன் ஆணிகளையெல்லாம் பிடுங்கிக்கொண்டு வெளியே துருத்தி நின்றது. அந்த வழியாகத் தண்ணீர் மடை திறந்த மாதிரி உள்ளே போய்க்கொண்டிருந்தது.

மூன்று பேரும் சேர்ந்து இழுத்துக் கரையில் போட்டார்கள்.

"உங்களுக்குத் தெரியுமா ஓடாவி?" என்று சபாபதி கேட்டார்.

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"ரெண்டு தடவை கேட்டேனே அண்ணே. உங்க வாயால வரட்டும்னு பொறுத்திருந்தேன். வங்கு எனக்கு முன்னாடி பொறுமை இழந்துருச்சு."

சபாபதி உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் பெரிய சம்மட்டி இருந்தது. நெய்னா எழுந்துவிட்டான். ஜெய்லானி உட்கார்ந்தபடியே கேட்டார்.

"எதுக்குண்ணே அது?"

"எங்க பட்டறையில இப்படி ஆனதை யாரும் பாக்கற மாதிரி வைக்க மாட்டோம். அடிச்சு உலையில போட்டுட்டு மறுபடி முதல்லேருந்து தொடங்குவோம்."

"பித்தளை உருகி மறுபடி பித்தளையா வரும். இதை உலையில போட்டா என்ன வரும்?"

சபாபதி கையில் சம்மட்டி தூக்கினபடியே நின்றது.

ஜெய்லானி எழுந்து போய் ஆணியில் தொங்கிய ஒரு கொக்கியை எடுத்து வந்தார். முனை வளைந்த சின்னக் கொக்கி. பழைய பஞ்சைக் கிளறி எடுக்கிறது. சம்மட்டியை வாங்கிக் கீழே வைத்துவிட்டுக் கொக்கியை அவர் கையில் கொடுத்தார்.

"அடிச்சதை எடுங்க" என்றார்.

அடிக்க ஒரு பகல் போதுமாயிருந்தது. எடுக்க அத்தனை சுலபமாக இல்லை. குங்கிலியம் கண்ணாடிச் சில்லாகத் தெறித்தது. பஞ்சு துளித்துளியாகத்தான் வந்தது. வேகமாக இழுத்தால் பலகையின் ஓரம் பிய்ந்தது. ஒரு ஓரம் பிய்ந்ததும் சபாபதி கொக்கியைத் தூக்கிப் போட்டார். கொஞ்ச நேரம் கழித்து அவரே போய் எடுத்துக்கொண்டார்.

"மெதுவா எடுக்கவும் ஒரு பழக்கம் வேணும் போல" என்றார்.

"வேணும்" என்றார் ஜெய்லானி.

"எனக்கு வராது ஓடாவி."

"நேத்துப் பாதி இடுக்குல ஓரம் பிஞ்சுது. இன்னைக்கு ஒரு இடத்துலதான் பிஞ்சிருக்கு."

இன்னொரு நாள், குனிந்து கிளறிக்கொண்டே சபாபதி கேட்டார்.

"ஒழுகுற சாமானை வச்சுக்கிட்டு எப்படி நிம்மதியா இருக்கீங்க நீங்கள்லாம்?"

"யாரு நிம்மதியா இருக்கா?" என்றார் ஜெய்லானி. "எத்தனை படகு விட்டிருக்கேன். இன்னும் ஒவ்வொண்ணும் குடிக்கிறப்ப எனக்குச் சோறு எறங்காது."

சபாபதி நிமிர்ந்து பார்த்தார். ஜெய்லானி விளையாட்டுக்குச் சொன்ன மாதிரி தெரியவில்லை.

உடைந்த வங்குகளை எடுத்துவிட்டுப் புது வாகை வைத்தார்கள். துருத்தின பலகையைச் சீவி மறுபடி அறைந்தார்கள். சபாபதி ஒவ்வொரு இடுக்கிலும் ஒற்றைத் திரி வைத்தார். உளியை வைத்துத் தள்ளினார். கொட்டாப்புளி பட்ட சத்தமே கேட்கவில்லை என்று நெய்னா சொன்னான். சொல்லிவிட்டு, "காது எனக்குத்தான் கெட்டுப்போச்சோ என்னவோ" என்றும் சேர்த்துக்கொண்டான்.

"இந்தத் தடவை செண்பகத்துக்குச் சொல்ல வேணாம் ஓடாவி" என்றார் சபாபதி. "எல்லாம் அடைஞ்ச பெறகு நானே சொல்லிக்கிறேன்."

"நான் போய்ச் சொல்லல அண்ணே. ஆனா நேத்து ராயப்பன் இந்தப் பக்கம் வந்தாரு. படகு எங்கேன்னு கேட்டாரு. வங்கு உடைஞ்சுது, மாத்தி நாளைக்கு எறக்கறோம்னேன். கேட்டா மறைக்க எனக்கு வராது."

சபாபதியின் முகம் வெளுத்தது.

சொன்னபடி அன்று காலையிலேயே படகை இறக்கினார்கள். இந்தத் தடவை கூட்டம் இல்லை. இறக்கின கொஞ்ச நேரத்திலேயே பலகைகளின் உள்பக்கம் வியர்த்தது. வியர்வை கோடாக இறங்கியது. கோடுகள் சேர்ந்து அடியில் தேங்கின. சபாபதி ஒரு கொட்டாங்கச்சியை எடுத்துக்கொண்டு படகை நோக்கி நடந்தார். ஜெய்லானி குறுக்கே வந்து அதை வாங்கிக்கொண்டார்.

படகு கணுக்கால் அளவு தண்ணீரோடு ஆடிக்கொண்டிருந்தபோது, அலையாத்திக் காட்டைச் சுற்றி ராயப்பனின் பழைய படகு வருவது தெரிந்தது. முன்னால் செண்பகம் உட்கார்ந்திருந்தாள். சபாபதி பார்த்தார். திரும்பி விறுவிறுவென்று நடந்துபோய், அடுக்கி வைத்திருந்த தேக்குத் தடிகளுக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

செண்பகம் இறங்கி வந்தாள். ராயப்பன் தன் படகிலேயே இருந்துகொண்டான்.

"எங்கண்ணே அவரு?" என்று ஜெய்லானியைக் கேட்டாள்.

"தடிக்குப் பின்னால நிக்கறாரு. பாக்காத மாதிரி இரும்மா."

அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"அன்னைக்குக் காஞ்ச துண்டைக் காட்டுனாரு பாருங்க, அப்பவே எனக்குச் சந்தேகம் வந்துருச்சு. புதுப் படகு காஞ்சு கெடந்தா எப்படி? எங்க வீட்டுக்காரரும் பலகையில காதை வச்சுட்டு, முறுக்குற சத்தம் கேக்குதுன்னாரு. வீட்டுக்குப் போனதும் சொன்னாரு."

"அப்பவே உங்க அப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா."

"சொல்லியிருக்கலாம். அவரு முகத்தைப் பாத்தேன். அம்மா இருந்த காலத்துல பாத்த முகம். தப்பா இருக்குன்னு நான் சொல்லப் போயி, மறுபடி குனிஞ்சுக்கிட்டாருன்னா?"

ஜெய்லானி கையிலிருந்த கொட்டாங்கச்சியைத் திருப்பிப் பார்த்தார்.

"நீங்க சொல்லியிருக்கலாமே" என்றாள் அவள்.

"ஆமா" என்றார் ஜெய்லானி. "எனக்கும் அதே பயம்தான்."

தடிகளுக்குப் பின்னால் எந்த அசைவும் இல்லை.

செண்பகம் கட்டுத்தறிக்குப் போனாள். படகைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு படகுக்குள் இறங்கினாள். கால் தண்ணீருக்குள் போனது. இடப்பக்கத்துப் பலகையில் உட்கார்ந்தாள். குனிந்து, தண்ணீர் கசிகிற இடுக்குகளை ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்தாள். அப்புறம் கையை மடியில் வைத்துக்கொண்டு, காயலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். எழுந்து போகிற மாதிரி தெரியவில்லை.

வெயில் ஏறியது. ராயப்பன் ஒரு பீடியைப் பற்ற வைத்தான். நெய்னா எதையாவது செய்ய வேண்டுமே என்று, ஏற்கெனவே பொறுக்கின ஆணிகளைக் கொட்டி மறுபடி பொறுக்கினான்.

சபாபதி தடிகளுக்குப் பின்னாலிருந்து மெதுவாக வந்தார். ஜெய்லானியின் பக்கத்தில் நின்றார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"தண்ணிக்குள்ள போய் உக்காந்துட்டாளே ஓடாவி."

"ஆமாண்ணே."

"தண்ணி ஏறுது பாருங்க. எறங்கச் சொல்லுங்க."

"அவங்களுக்குத் தெரியாததா?"

"எல்லாம் அடைஞ்சதும் கூப்பிடலாம்னு இருந்தேன்."

ஜெய்லானி கொட்டாங்கச்சியைக் கீழே வைத்தார்.

"நான் போய் என்ன சொல்லட்டும்?" என்று கேட்டார் சபாபதி. "அவகிட்ட நான் என்ன சொல்றது?"

ஜெய்லானி படகைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"ஒண்ணும் சொல்ல வேணாம்ணே" என்றார். "படகு அவங்க பக்கமா சாஞ்சு கெடக்கு பாருங்க. அந்தப் பக்கத்துப் பலகை மட்டும்தான் நனையுது. இந்தப் பக்கம் காஞ்சு போய்க் கெடக்கு. குடிக்காம அது மூடாது. நீங்க போய் இந்தப் பக்கம் உக்காருங்க."